கஞ்சிக்கு ஒரு நாள் உபயம்: ராயப்பேட்டைக்காரர் ஒருவருக்குப் பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். "நாங்கள் இந்துக் குடும்பம், சுத்த சைவம். ராயப்பேட்டையில் பல வருடமாகக் குடியிருக்கிறோம். எதிர் வீட்டு பாய் ரமலான் வந்தால் அப்பாவுக்குக் கறி போடாத கஞ்சியைத் தூக்கில் கொடுத்தனுப்புவார். அப்பா போன வருடம் காலமானார். அவருடைய திதி இந்த முறை ரமலானில் வருகிறது. அன்றைக்குத் தெருமுனைப் பள்ளிவாசலுக்கு ஏதாவது செய்ய ஆசை. வாங்கிக்கொள்வார்களா? எதைக் கொடுப்பது, யாரிடம் கொடுப்பது? அப்பாவுக்காக துஆ (பிரார்த்தனை) செய்வார்களா? என் மச்சான், 'அவங்க நம்ம கோயிலுக்குச் செய்வாங்களா?' என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?"

வாங்கிக்கொள்வார்கள். திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிவாசலில் நிறைய வருடம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் இதைத் தயங்காமல் சொல்கிறேன். எங்கள் நோட்டில் ரமலான் வரவுப் பக்கத்தில் இந்துப் பெயர்களும் கிறிஸ்தவப் பெயர்களும் ஒவ்வொரு வருடமும் இருக்கும். பக்கத்துக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், மார்வாடி அடகுக்கடை சேட், சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் என்று பலர். இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

மார்க்கத்தில் இடமிருக்கிறதா என்றால், தாராளமாக இருக்கிறது. நபிகள் நாயகம் முஸ்லிம் அல்லாதவர்களிடமிருந்து அன்பளிப்புகளை ஏற்றிருக்கிறார். எகிப்தை ஆண்ட முகவ்கிஸ் அனுப்பியதும் அதில் அடக்கம். அதற்கும் முன்னால், மக்காவில் முஸ்லிம்கள் துன்புறுத்தப்பட்ட காலத்தில், கி.பி. 615 வாக்கில் அவர்களில் ஒரு கூட்டம் கடல் தாண்டிப் போய் அபிசீனியாவில் தஞ்சம் புகுந்தது. அடைக்கலம் கொடுத்த நஜ்ஜாஷி மன்னர் அப்போது கிறிஸ்தவர். துரத்தி வந்தவர்கள் பரிசுகளோடு வந்து கேட்டும் அவர் ஆட்களை ஒப்படைக்கவில்லை. எங்கள் வரலாற்றின் முதல் பெரிய உதவியே வெளியாளிடமிருந்து வந்ததுதான். குர்ஆனின் 60ஆம் அத்தியாயம் 8ஆம் வசனமும், உங்களோடு போரிடாத, வீட்டைவிட்டு விரட்டாத மாற்று மதத்தவருக்கு நன்மை செய்யுங்கள், நியாயமாக நடங்கள் என்கிறது. அப்படி இருக்கும்போது அவர்கள் செய்கிற நன்மையை மட்டும் எப்படி மறுப்பது?

இதற்கு உங்களுக்கு மிகப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஒரு சாயங்காலம் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குப் போய்ப் பாருங்கள். ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பம் 1795இல் கட்டியது. மரமும் இரும்பும் இல்லாமல் கருங்கல்லிலேயே எழுப்பியது. அது கட்டப்பட்ட ஆண்டைச் சொல்லும் பாரசீகக் கல்வெட்டு வாசகத்தை இயற்றியவர் ராஜா மக்கன் லால். நவாபின் அரண்மனையில் இருந்த பாரசீகப் புலவர், இந்து. பாரசீகத்திலும் அரபியிலும் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. ஒரு சொற்றொடரின் எழுத்துகளைக் கூட்டினால் ஒரு வருடம் வரும்படி அமைப்பது அந்தக் காலத்துப் புலவர்களின் வித்தை. மக்கன் லால் தேர்ந்தெடுத்தது 'ஸிக்ருல்லாஹி அக்பர்' என்ற சொற்றொடர். இறைவனின் நினைவே மிகப் பெரியது என்று பொருள். கூட்டிப் பார்த்தால் 1209 வரும். அந்தப் பள்ளிவாசல் எழுந்த ஹிஜ்ரி (இஸ்லாமிய) ஆண்டு அதுதான். நானே பேப்பரில் போட்டுக் கூட்டிப் பார்த்திருக்கிறேன், ஒன்று கூடவோ குறையவோ இல்லை. தன் புலமையைக் காட்ட அவருக்கு எத்தனையோ சொற்கள் கிடைத்திருக்கும். தொழ வருகிறவர்கள் தினமும் உச்சரிக்கக்கூடிய ஒன்றையே அவர் தேடி எடுத்தார். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக அது அங்கேயே இருக்கிறது.

அதே பள்ளிவாசல் வளாகத்தில், ரமலான் மாதம் முழுக்க, நோன்பு திறக்க வரும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது சூஃபிதார் அமைப்பு. ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கிறார்கள். நிறுவியவர் தாதா ரத்தன்சந்த். 1947 பிரிவினையில் சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்தவர். மதத்தின் பெயரால் ஊரை இழந்து வந்த மனிதர், வந்த ஊரில் இதைத் தொடங்கி வைத்தார் என்பதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய நாற்பது வருடமாக நடக்கிறது.

அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள், உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். காலையிலேயே தங்கள் இடத்தில் சமைக்கத் தொடங்குகிறார்கள். எல்லாம் சைவம், ஏனென்றால் அவர்கள் வழக்கம் அது. பள்ளிவாசலில் யாரும் "கறி ஏன் இல்லை?" என்று கேட்பதில்லை, அவர்களும் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சாயங்காலம் வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். தொண்டர்கள் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்கள். பாங்கு, அதாவது தொழுகை அழைப்பு, சொல்வதற்குள் எல்லார் தட்டிலும் சாப்பாடு இருக்க வேண்டும் என்ற பரபரப்பு அவர்கள் முகத்திலும் இருக்கும். நோன்பாளிக்கு ஆறு இருபது என்றால் ஆறு இருபதுதான், ஆறு இருபத்தைந்து கிடையாது. நல்ல மனது இருப்பவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் அதுதான். எட்டு மணிக்குச் சூடாகப் பிரியாணி கொண்டுவந்து இறக்குவார்கள். அதற்குள் ஆட்கள் சாப்பிட்டு முடித்து, இரவுத் தொழுகைக்கும் அதைத் தொடர்ந்து வரும் ரமலான் சிறப்புத் தொழுகையான தராவீஹுக்கும் தயாராகிக்கொண்டிருப்பார்கள்.

சரி, நீங்கள் என்ன கொடுக்கலாம்?

கேட்டுவிட்டுக் கொடுங்கள். என் அனுபவத்தில் இதைவிட முக்கியமானது எதுவும் கிடையாது. பள்ளிவாசலுக்கு எது தேவை என்று வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. உதாரணத்துக்கு, கஞ்சி என்றதும் எல்லோரும் அரிசி மூட்டையைத்தான் நினைப்பார்கள். ஆனால் நோன்புக் கஞ்சிக்கான பச்சரிசியைத் தமிழக அரசே 2001 முதல் பள்ளிவாசல்களுக்குக் கொடுத்து வருகிறது. மனுப் போட்டு, அனுமதி வாங்கி, கிடங்கிலிருந்து எடுத்து வர வேண்டும். அந்த அரிசி வந்தபின் நீங்கள் இரண்டு மூட்டை பொன்னி கொண்டுபோய் வைத்தால் சிரித்த முகத்தோடு வாங்கி மூலையில் அடுக்குவார்கள். கஞ்சிக்குப் பொன்னி சரிப்படாது, பச்சரிசி நொய்தான் குழையும். அந்த மூட்டைகள் பெருநாள் கழிந்து யாராவது ஏழை வீட்டுக்குப் போகும். அதுவும் நல்லதுதான், ஆனால் நீங்கள் நினைத்தது அதுவல்ல.

செலவு இழுப்பது மற்ற சாமான்கள். பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய், இஞ்சி பூண்டு, வெங்காயம், தக்காளி, புதினா, கொத்தமல்லி, பட்டை கிராம்பு, எண்ணெய், நெய். கறி போடுகிற இடமாக இருந்தால் கொத்துக்கறி. இதற்கெல்லாம் மேலே இரண்டு செலவு உண்டு: பண்டாரியின் (சமையல்காரரின்) கூலி, கேஸ். பத்து பதினோரு மணிக்கு அடுப்பில் ஏறும் தேக்சா (பெரிய பாத்திரம்) அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகுதான் இறங்கும். நடுவில் ஆள் மாற்றி ஆள் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடித்துவிடும். அடிப்பிடித்த கஞ்சியின் வாசனை தெரு முழுக்கத் தெரியும், அன்றைக்கு நிர்வாகிகள் தலைமறைவு! வணிக சிலிண்டர் முப்பது நாளும் எரிய வேண்டும். யாரும் "என் பெயரில் ஒரு சிலிண்டர்" என்று கொடுக்க முன்வருவதில்லை. பேரீச்சம்பழம் என்றால் எல்லாருக்கும் பிடிக்கும், பெட்டி பெட்டியாக வரும். கணக்கு எழுதுகிறவனுக்கு இரவில் கவலை கொடுப்பது சிலிண்டரும் பண்டாரி கூலியும்தான்.

இந்த இழுபறிக்கெல்லாம் ஒரு நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 'ஒரு நாள் கஞ்சி உபயம்'. அன்றைய முழுச் செலவையும் ஒருவரோ சிலர் சேர்ந்தோ ஏற்பது. எவ்வளவு என்பது பள்ளிவாசலின் அளவைப் பொறுத்தது, ஒரு தேக்சாவா மூன்று தேக்சாவா என்பதைப் பொறுத்தது. போய்க் கேட்டால் தொகையைச் சொல்லிவிடுவார்கள். முழு நாள் முடியாவிட்டால் பாதி நாள், கால் நாள் என்றும் வாங்குவார்கள். வெள்ளிக்கிழமைகளும் 27ஆம் இரவும் ரமலான் பிறப்பதற்கு முன்பே நிரம்பிவிடும். பிறை (ரமலானின் நாள்) பத்திலிருந்து இருபது வரைக்குள் வரும் திங்கள், செவ்வாய்கள்தான் காலியாகக் கிடக்கும். உங்கள் அப்பாவின் திதி அப்படி ஒரு நாளில் வந்தால் நிர்வாகிக்கு உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். வேறு யாரோ அந்த நாளை எடுத்துவிட்டார்கள் என்றால் முன்னே பின்னே ஒரு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சைவம் என்பதால் ஒரு சந்தேகம் வந்திருக்கும்: நம் காசில் கறி வாங்கிவிடுவார்களோ? அதை வெளிப்படையாகச் சொல்லலாம், தப்பில்லை. "எங்கள் நாளில் காய்கறிக் கஞ்சியாகப் போட முடியுமா பாய்?" என்று கேட்டால் அநேகமாக ஒத்துக்கொள்வார்கள். கேரட், பீன்ஸ், பட்டாணி போட்டுச் செய்யும் கஞ்சி பல இடங்களில் வாடிக்கைதான். "இல்லை, தினமும் ஒரே மாதிரிதான் போடுகிறோம்" என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம். அப்போது கஞ்சிக்குப் பதில் சிலிண்டர், தண்ணீர் கேன், கூலி என்று ஒதுக்கச் சொல்லுங்கள். இரு தரப்புக்கும் சங்கடமில்லை.

வீட்டில் சமைத்து எடுத்துப்போக நினைத்தால் சில விஷயம் தெரிந்திருப்பது நல்லது. சைவச் சமையலில் ஹலால் பிரச்சினை அநேகமாக வராது. ஆனால் சாமிக்குப் படைத்த உணவைப் பெரும்பாலான முஸ்லிம்கள் சாப்பிட மாட்டார்கள். சுண்டல், பொங்கல் எதுவானாலும், நைவேத்தியம் செய்வதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை. திதி அன்று வீட்டில் பிண்டம், படையல் என்று நடக்கும். அதில் சம்பந்தப்பட்ட உணவைத் தவிர்த்துவிடுங்கள். இது உங்கள் சாமியை அவமதிப்பது ஆகாது. எங்கள் ஆட்களில் சிலர் வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் தயங்குவார்கள், உங்கள் முகம் சுருங்கும். எதற்கு அந்த நிலைமை? கடை இனிப்பு, பிஸ்கட், ஜெல்லி வகைகள் வாங்கினால் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். ஜெலட்டின் கலந்ததா என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. பழம் வாங்கினால் எந்தக் கேள்வியும் கிடையாது. தர்ப்பூசணி, வாழை, ஆரஞ்சு போதும். சென்னை வெயிலில் பதினான்கு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்டத் தண்ணீர் குடிக்காதவனுக்குத் தர்ப்பூசணித் துண்டைவிடப் பெரிய விருந்து கிடையாது.

பணமாகக் கொடுக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று பொதுவாக யாரும் துருவ மாட்டார்கள். ஆனால் நீங்களாகவே "எஃப்டி வட்டி வந்தது, அதிலிருந்து தருகிறேன்" என்று சொல்லிவிட்டால் நிர்வாகி நெளிவார். வட்டி எங்களுக்கு விலக்கப்பட்டது. பல பள்ளிவாசல்களில் வங்கிக் கணக்கில் தானாக விழும் வட்டியைக்கூடக் கழிவறை கட்டுவது, பழுது பார்ப்பது மாதிரிச் செலவுக்குத்தான் ஒதுக்குவார்கள். சம்பளம், பென்ஷன், வியாபாரம் என்றால் ஒரு பேச்சும் இல்லை.

யாரிடம் போவது? பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி அல்லது ஜமாஅத் செயலாளர். அவர்கள் யார் என்று தெரியாவிட்டால் பாங்கு சொல்லும் மோதினாரைக் கேளுங்கள், அவர் எப்போதும் அங்கேதான் இருப்பார். நிர்வாகியை 'பாய்' என்றாலே போதும், இமாமை 'ஹஜ்ரத்' என்று அழைப்பது வழக்கம். வணக்கம் சொன்னால் வணக்கம்தான் வரும், ஸலாம் சொல்லப் பயிற்சி எடுக்க வேண்டாம். ரமலானுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, அஸர் தொழுகை முடிந்த பிறகு, அதாவது சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்குப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். தொழுகிறவர் முன்னால் குறுக்கே நடக்காமல் இருந்தால் சரி. உங்கள் வீட்டுப் பெண்களும் வருவதாக இருந்தால் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அலுவலக அறையில் உட்கார ஏற்பாடு செய்வார்கள். இதெல்லாம் எதற்கு என்று தோன்றினால் எதிர் வீட்டு பாயையே கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் அப்பாவுக்குக் கஞ்சி அனுப்பியவர்தானே, அவருக்கு இது சந்தோஷமாக இருக்கும். என்னைக் கேட்டால் அவரிடம் சொல்லாமல் நேரே பள்ளிவாசலுக்குப் போவதுதான் தப்பாகப் படும்.

ரசீது கேட்டு வாங்குங்கள், கேட்பது மரியாதைக் குறைவில்லை. கணக்கு சுத்தமாக இருக்கும் நிர்வாகம் சந்தோஷமாகக் கொடுக்கும். வருமான வரிச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட மதச் சமூகத்தின் நன்மைக்காக என்று இருக்கும் அமைப்புகளுக்குக் கொடுக்கும் நன்கொடைக்குப் பொதுவாக அந்தச் சலுகை கிடைக்காது. மயிலைக் கபாலீசுவரர் கோயில் போல அரசிதழில் தனியாக அறிவிக்கப்பட்ட வழிபாட்டுத் தலங்களின் திருப்பணிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பின்னாளில் மனம் விரிந்து இடமோ கட்டடமோ எழுதி வைக்க நினைத்தால் மட்டும் வக்கீலைப் பாருங்கள். வக்ஃபாக, அதாவது இறைப்பணிக்கு நிரந்தரமாக, அர்ப்பணிக்கிறவர் குறைந்தது ஐந்து வருடம் இஸ்லாத்தைப் பின்பற்றியவராக இருக்க வேண்டும் என்று 2025 சட்டத் திருத்தம் சொன்னது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது. கஞ்சிக்கும் சிலிண்டருக்கும் இந்தச் சட்டமெல்லாம் குறுக்கே வராது.

இனி துஆ. இந்தக் கேள்விக்கு இனிப்பாகப் பதில் சொல்லி அனுப்பிவிடலாம், பலர் அப்படித்தான் செய்வார்கள். உண்மையைச் சொல்வதே உங்களுக்கு மரியாதை என்று நினைக்கிறேன். இறந்துபோன முஸ்லிம் அல்லாதவருக்காகப் பாவமன்னிப்புக் கேட்டுத் துஆ செய்வதை மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதிப்பதில்லை. ஆகவே "எங்கப்பா ஆத்மா சாந்தியடைய ஒரு துஆ செய்யுங்க ஹஜ்ரத்" என்று கூட்டத்தின் நடுவில் கேட்டால் அந்த மனிதர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வார். செய்தால் உள்ளே ஒருவர் கேள்வி கேட்பார், செய்யாவிட்டால் நீங்கள் வருத்தப்படுவீர்கள். அதற்குப் பதில் "எங்கள் குடும்பத்துக்காக துஆ செய்யுங்கள்" என்று கேளுங்கள். உயிரோடு இருக்கிறவர்களின் நலம், ஆரோக்கியம், பிள்ளைகளின் படிப்பு, வீட்டின் அமைதி, எதற்கும் தடையில்லை, மனதார செய்வார்கள். நோன்பு திறக்கும் நேரத்து துஆ மறுக்கப்படாது என்பது எங்கள் நம்பிக்கை. கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் நூறு பேர் உங்கள் குடும்பத்தை நினைத்தால் அது சின்ன விஷயமா? அப்பாவுக்கான சடங்கை உங்கள் வீட்டு வழக்கப்படி உங்கள் சாஸ்திரிகளை வைத்துச் செய்யுங்கள். பள்ளிவாசலில் கொடுப்பது அப்பாவுக்குப் பிடித்திருந்த ஒன்றை அவர் நினைவாக ஊருக்குக் கொடுப்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

திதியைப் பற்றி இன்னொன்று. ஹிஜ்ரி வருடம் முழுக்க முழுக்க சந்திரக் கணக்கு, ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துவிடும். உங்கள் பஞ்சாங்கமோ சூரியனோடு ஒத்துப்போகும்படி ஏற்பாடு செய்துகொண்டது. ஆகவே அப்பாவின் திதி ரமலானில் விழுவது அதிகம் போனால் மூன்று வருடம். அப்புறம் விலகிப் போய்விடும், மறுபடி சேர முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். தொடர்ந்து செய்ய எண்ணம் இருந்தால் திதியோடு முடிச்சுப் போடாமல், ரமலானில் ஒரு பிறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறை பன்னிரண்டு உங்களுடையது என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த வருடம் அவர்களே கூப்பிட்டு ஞாபகப்படுத்துவார்கள்.

பெயர்ப் பலகையில் போடலாமா? "இன்றைய கஞ்சி உபயம்" என்று சாக்பீஸில் எழுதும் பலகை பல இடங்களில் உண்டு. அதில் அப்பா பெயர் வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, முஸ்லிம்கள் பெயரும் அப்படித்தான் வருகிறது. "பெயர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாலும் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்காதீர்கள். கஞ்சி வாங்க வரிசையில் நிற்கும் குழந்தைகளையும் கிழவிகளையும் போட்டோ எடுக்காதீர்கள். அந்த வரிசையில் பாதிப் பேர் முஸ்லிம்களே இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். தூக்கோடு வருகிற எல்லோருக்கும் ஊற்றுவதுதான் வழக்கம். கட்சிக்காரர்கள் நடத்தும் இஃப்தார்களில் தொப்பி போட்டுக்கொண்டு மேடையில் வரிசையாகக் கஞ்சி குடிக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொப்பிக்கும் சூஃபிதார் தொண்டர்கள் போடும் தொப்பிக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் தெருப் பையன்களுக்கே தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை, கொஞ்சம் கறாராக. ஒலிபெருக்கிச் சத்தம், வெள்ளிக்கிழமை பைக் நிறுத்துவது என்று அக்கம்பக்கத்தில் குறைகள் இருக்கும். அவை நியாயமான குறைகளாகவும் இருக்கலாம். அதைப் பேசவும் வேண்டும். ஆனால் கஞ்சிக்குப் பணம் கொடுத்த கையோடு பேசாதீர்கள். அது வேறு நாள், வேறு பேச்சு.

தர்காவுக்குச் செய்வதற்கும் பள்ளிவாசலுக்குச் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அண்ணா சாலை தர்காவில் பூப்போர்வை, சர்க்கரை, ஊதுபத்தி எல்லாம் நடக்கும். எல்லா மதத்துக்காரர்களும் போகிறார்கள். பள்ளிவாசலில் அவை எதற்கும் இடமில்லை. பூமாலையோடு போய் நின்றால் மோதினார் திகைத்துப்போவார். தர்கா வழக்கத்தையே ஒப்புக்கொள்ளாத முஸ்லிம்களும் இருக்கிறார்கள், அது எங்களுக்குள் இருக்கும் பஞ்சாயத்து, நீங்கள் தலையிட வேண்டாம்.

மச்சானுக்கு வருவோம். அவர் கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்லலாம், விஷயம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் பல கதவைத் திறந்துவிட்டு எல்லாரையும் தங்கவைத்தன. தண்ணீர் வடிந்தபின் முஸ்லிம் இளைஞர்கள் கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கம் கோயில்களில் இறங்கிச் சேறு அள்ளினார்கள். பத்திரிகைகளில் படத்தோடு வந்த செய்தி. மயிலைக் கோயில் குளத்து நிலமே ஆற்காடு நவாப் கொடுத்தது என்றும், அதனால்தான் முஹர்ரம் அன்று முஸ்லிம்கள் அந்தக் குளத்தைப் பயன்படுத்தும் வழக்கம் வந்தது என்றும் மயிலாப்பூரில் தலைமுறையாகச் சொல்வார்கள்.

மறுபக்கமும் உண்டு. நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஏறக்குறைய 131 அடி உயரம், தூரத்திலிருந்தே தெரியும். அதற்கும் எழுநூறு வருடத்துக்கு முன்னால், ஊரறிந்த சிவபக்தர் முதலாம் ராஜராஜன், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே எழுதிக் கொடுத்தார். 1006 வாக்கில் நடந்தது. அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. நம் கல்வெட்டுகளில் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று தனி வகையே இருக்கிறது. வரிக்கணக்கில் ஒரு தலைப்பாகவே எழுதும் அளவுக்கு அது சாதாரணமாக இருந்திருக்கிறது.

இதையெல்லாம் மச்சானிடம் சொல்லலாம்தான். ஆனால் "அவர்கள் இத்தனை செய்தார்கள், நாம் இத்தனை செய்தோம்" என்று பட்டியல் போட ஆரம்பித்தால், அடுத்து அவர் ஒரு பட்டியலோடு வருவார், அதில் கசப்பானவையும் இருக்கும். அதுவும் முழுப் பொய்யாக இருக்காது. ராஜராஜன் பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்திருக்கவும் கூடும், கடல் வாணிபம் அவருக்குத் தேவைப்பட்டது. உங்களுக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு எதிர் வீட்டிலிருந்து பல வருடம் கஞ்சி வந்தது, நீங்கள் ஒரு நாள் கஞ்சி போட விரும்புகிறீர்கள். மச்சானிடம் அவ்வளவு சொன்னால் போதும். முடிந்தால் அன்று சாயங்காலம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கஞ்சி ஊற்ற ஒரு கரண்டியைக் கையில் கொடுத்தால் வாதம் பண்ண நேரம் இருக்காது.

அன்றைக்கு நீங்களும் பந்தியில் உட்கார வேண்டியிருக்கும், மறுக்காதீர்கள். நோன்பு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பேரீச்சம்பழம் வரும், தண்ணீர் வரும், பாங்கு சொன்னதும் எல்லாரும் எடுக்கும்போது நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் மக்ரிப் தொழுகைக்கு எழுந்துவிடுவார்கள். அப்போது ஓரமாக உட்கார்ந்திருக்கலாம், கிளம்பவும் செய்யலாம், எதுவும் தப்பில்லை.

ஒரு பின்விளைவுக்கு மட்டும் தயாராக இருங்கள். ஒரு முறை உபயம் செய்துவிட்டால் பெருநாள் அன்று மதியம் உங்கள் வீட்டுக்குப் பள்ளிவாசல் பக்கமிருந்தும், எதிர் வீட்டிலிருந்தும், நீங்கள் பெயர்கூட அறியாத நிர்வாகிகள் வீட்டிலிருந்தும் தூக்குகள் வர ஆரம்பிக்கும். சைவம் என்று இப்போதே எல்லாரிடமும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ஐந்து வீட்டுப் பிரியாணியை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பீர்கள். சொல்லிவிட்டால் சேமியா பாயசத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதில் நெய்யும் சர்க்கரையும் தாராளமாக இருக்கும், வீட்டில் யாருக்காவது சர்க்கரை வியாதி இருந்தால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.